பதினொரு பேர் நின்ற படம்

போன செவ்வாய்க்கிழமை புளியந்தீவில் உள்ள நூலகத்துக்குப் போனேன். வழக்கம்போல ஓசியில் பேப்பர் படிக்கத்தான்... வேறு எதற்கு?

எங்கள் நூலகரைப் பற்றி முன்பே உங்களிடம் புலம்பியிருக்கிறேன். பக்கத்தின் மூலையை மடித்ததற்காக நாலு பேர் பார்க்க என்னை எழுப்பி நிறுத்தியவர். பழைய பேப்பர்களை மாதவாரியாகத் தைத்து, மட்டை போட்டு வைத்திருப்பார். அதில் ஒரு கீறல் விழுந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அன்று வாசிக்கும் மேசையில் ஒரு பெண் இருந்தார். படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, தன்னாமுனைப் பக்கம் ஒரு முகாமில் இருப்பவர். சந்தைக்குப் போன மகன் மூன்று வாரமாகத் திரும்பவில்லை. முறைப்பாட்டுப் படிவத்தில் அவன் படம் ஒட்ட வேண்டுமாம். ஷெல் விழ விழ ஓடி வந்தவர் ஆல்பத்தையா தூக்கிக்கொண்டு வருவார்? வீட்டோடு எல்லாம் எரிந்துவிட்டது.

ஆனால், பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணி கப் வென்றபோது மகனின் படம் பேப்பரில் வந்திருந்தது. அதைத் தேடித்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார். எந்த மாதம் என்று கேட்டேன்.

"மாதம் தெரியா மனே. எங்கட வட்டையில வேளாண்மை வெட்டின நேரம்."

வயலில் அறுவடை என்றால் மாசி, பங்குனியாக இருக்கும். ஒரு பேப்பர் கட்டை இறக்கிப் புரட்டத் தொடங்கினேன். நூலகர் எழுந்து வந்தார் — எனக்குத் திட்டு நிச்சயம் என்று நினைத்தேன். அவர் பள்ளிக்கூடத்தின் பெயரை மட்டும் கேட்டார். கேட்டதும் உள்ளே போய் வேறொரு கட்டைக் கொண்டுவந்து, நேராக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்தார்.

இவருக்கு எப்படித் தெரியும்? படத்தைப் பார்த்ததும் புரிந்தது. இரண்டு வரிசையில் பதினொரு பையன்கள். அதில் இரண்டு பேருக்கு முகம் இல்லை. அந்த இடத்தில் சதுரமாக ஓட்டை.

"முதல் வந்த ரெண்டு தாய்மாருக்கும் நான்தான் வெட்டிக் குடுத்தன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

அந்தப் பெண்ணின் விரல் பின்வரிசையில் ஓரிடத்தில் நின்றது. நூலகர் மேசை லாச்சியிலிருந்து பிளேடை எடுத்தார். பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார், பிடித்தேன்.

வெட்டி எடுத்த முகம் ஒரு முத்திரை அளவுகூட இல்லை. வெறும் மைப்புள்ளிகள். அந்தத் தாய் அதை நிவாரண அட்டைக்குள் வைத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார். இதை வைத்து யார் அவனைத் தேடப்போகிறார்கள்? எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படி எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனாலும் இல்லை.

அகதிகளுக்கு நூலகத்தால் என்ன பயன் என்று ஒரு நண்பர் கேட்டார். அவர்கள் வீட்டில் எரிந்துபோனதை எடுத்து வைத்திருக்கும். கேட்டால் வெட்டிக் கொடுக்கும். அதற்கு மேல் அதனால் என்ன முடியும்?

அந்தப் படத்தில் இன்னும் எட்டுப் பையன்கள் நிற்கிறார்கள் — அவர்களுடைய தாய்மார் ஒருவர்கூட நூலகத்துக்கு வரக்கூடாது.