பரவனாற்றில் தூண்டில் பாடம்

என் வீட்டுக்காரர் கிளமென்ட் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் நீலகிரியில் ஒரு எஸ்டேட்டில் இருந்தவர். விருந்தாளிகளை ஓடைக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பதுதான் அங்கே அவர் வேலை. அது புழு கோர்க்கிற தூண்டில் இல்லை. நூலும் இறகும் சுற்றிய பொய்ப் பூச்சியைப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி, தண்ணீரில் பூச்சி உட்காருவதுபோல் இறக்க வேண்டும்.

2012-ல் சுரங்கக் கம்பெனியின் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருந்த சிவப்பிரகாசம் சாருக்கு அந்த ஆசை வந்தது. சிங்கப்பூரிலிருந்து மகள் கார்பனில் செய்த தூண்டில் ராடு அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இவர் அவரைப் பரவனாற்றுக்குக் கூட்டிப்போவார். நான் சோறு எடுத்துப்போவேன்.

அந்த வருஷம் ஆறு ஓடுகிற எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் கரண்டு ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. டவுன்ஷிப்பில் மட்டும் நிற்கவே நிற்காது.

அன்றைக்குச் சார் முழங்கால் தண்ணீரில் நின்று வீசினார். பின்னால் போன நூல் திரும்பி வரவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் போகிற மின்கம்பியில் சுற்றிக்கொண்டது.

"சார், இழுக்காதீங்க. ராட வுட்டுட்டு மேல வாங்க."

"வுட்டா ஆத்தோட போயிடும்பா."

"போவட்டும் சார். அது கரண்டு கம்பி."

"கரண்டு இருந்தா நான் இந்நேரம் நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்? பழைய கம்பி இது." சார் இன்னும் ஒரு வெட்டு வெட்டி இழுத்தார்.

"கரண்டு போயிருக்குது சார். இப்ப வந்துரும்."

"எங்கப்பா போயிருக்கு?" என்றார் சார். கரண்டு போகிற ஊரில் அவர் இருந்ததில்லை.

இவர் தண்ணீருக்குள் இறங்கினார், பாதியில் நின்றுவிட்டார். கார்பனில் கரண்டு பாயும்; ராடைப் பிடித்திருக்கும்போது கரண்டு வந்தால் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம் என்று அவருக்குத் தெரியும். நான் ஜெபமாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

திடீரென்று இவர் குனிந்தார். கை நிறையச் சேற்றை அள்ளிச் சாரின் மூஞ்சியில் ஓங்கி அடித்தார். யாரையும் ஒருமையில்கூடப் பேசாத மனுஷன்.

சார் ரெண்டு கையாலும் கண்ணைப் பொத்தினார். ராடு விழுந்தது. இவர் பாய்ந்து, அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கரைக்கு இழுத்து, இன்னும் தள்ளி, வரப்பு மேல் கொண்டுபோய்ப் போட்டார்.

"என்னப்பா பண்ற நீ?"

பதில் சொல்வதற்குள் கொட்டகையில் மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது. கம்பியில் படபடவென்று நெருப்புத் தெறித்தது. நூல் எரிந்து அறுந்தது. ராடு தண்ணீரோடு போனது.

நான் சோறு கட்டி வந்த துணியை நனைக்கக்கூட ஆற்றுப் பக்கம் போகாமல், குடிக்கிற தண்ணீரில் நனைத்துச் சாரிடம் கொடுத்தேன். அவர் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு அறை வுட்டிருக்கலாம். சேத்தப் போயி..."

"கிட்ட வர முடியாதே சார். நாந்தான் உங்கள அங்க நிக்க வச்சேன். தண்ணியப் பாத்துக்கினு மேல பாக்காம வுட்டுட்டேன்."

"சரி, சட்டைய வுடுப்பா. நான் எங்கயும் போவல."

இவர் குனிந்து பார்த்தார். கை இன்னும் சாரின் சட்டையைப் பிடித்தபடியே இருந்தது. விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன்.