தொட்டி கட்டடம் இல்லை

மருத்துவமனை ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் சுத்தியல் அம்மா. அரசுப் பொறியாளர். எந்தத் தூணைக் கண்டாலும் கைப்பையிலிருந்து சிறு சுத்தியலை எடுத்துத் தட்டி, காது கொடுத்துக் கேட்பார். உறவுக்காரர் வீட்டு விருந்திலும் அந்தக் கை சும்மா இருக்காது.

நாற்பத்திரண்டு வருடப் பழைய அந்த மருத்துவமனை நிலநடுக்கத்தைத் தாங்குமா என்று பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. அங்கே நிர்வாகி அவருடைய அக்காவின் கணவர். சொந்தம் என்று மேலதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார். வேறு ஆள் இல்லை என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நிர்வாகி அவரைத் தேடி வீட்டுக்கு வந்தார்.

"புதுக் கட்டடத்துக்கான விதிய வச்சுக் கணக்குப் போடு. தேறாது. இடிச்சுட்டுப் புதுசு கட்டித் தருவாங்க."

"அந்த விதிய வச்சா ஊர்ல பாதி வீடு தேறாது மாமா. பழசுக்குன்னு தனி விதி இருக்கு."

"ரெண்டுல எதையும் எடுத்துக்கலாம்னு உங்க சுற்றறிக்கையே சொல்லுதே."

"சொல்லுது. எதுக்கு எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடப்போறது நான்தானே."

நிர்வாகி காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

மூன்று வாரம் பூச்சைச் சுரண்டிக் கம்பிகளை அளந்தார்கள். பழைய கட்டடங்களுக்கான விதிப்படி கட்டடம் நிற்கும். தரைத்தளத்தில் பதினெட்டுத் தூண்களைச் சுற்றிக் கான்கிரீட் போட்டுப் பருமனாக்கினால் போதும்.

வளாகத்தின் உயரமான தண்ணீர்த் தொட்டி அதற்குப் பிறகுதான் கண்ணில் உறுத்தியது. முன்பு ஆய்வு செய்தவர் அதை நான்கு மாடிக் கட்டடமாகப் பாவித்துத் தேறியது என்று எழுதியிருந்தார். பாரமெல்லாம் உச்சியில், கீழே வெறும் கால்கள், உள்ளே அலைபாயும் தண்ணீர். அதைக் கட்டடமாகக் கணக்கிடுவது தப்பு. தொட்டிகளுக்கான விதியை எடுத்துப் போட்டபோது, கால்களை இணைக்கும் விட்டங்கள் தாங்கவில்லை. வற்புறுத்திய மாமாவை வஞ்சம் தீர்த்ததாகப் பேசுவார்கள் என்று தெரியும். இரண்டு நாள் உட்கார்ந்து கையாலேயே மறுபடி கணக்கிட்டார். விடை மாறவில்லை.

பழுது பார்க்கும்வரை தொட்டியில் பாதித் தண்ணீர்தான் என்று உத்தரவானது. வாளியோடு வரிசையில் நின்ற செவிலியர்கள் அவரை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள்.

"கேட்டதைக் குடுக்கல. கேக்காததுல குத்தம் கண்டுபிடிச்சா" என்று நிர்வாகி சொந்தபந்தம் முழுக்கச் சொல்லிவைத்தார். அக்காவின் தொலைபேசி அழைப்பும் நின்றது. அது மட்டும் அவருக்கு வலித்தது. ஆனால் அறிக்கையில் ஒரு வரியையும் அவர் மாற்றவில்லை.

வேலை முடியப் பதினான்கு மாதம் ஆனது. நோயாளிகளை வார்டு வார்டாக மாற்றிக்கொண்டே தூண்களைப் பலப்படுத்தினார்கள். தொட்டிக்குப் புது விட்டங்கள் வந்தன. பிறகு ஒருநாள் அக்காவே வந்தாள்.

"நீ செஞ்சது சரின்னு எப்படித் தெரியும்?"

"பூமி ஆடினாத்தான் தெரியும்."

"ஆடலேன்னா?"

"ஆடலேன்னா நல்லது."

அவர் ஓய்வு பெறும்வரை ஆடவில்லை. நிர்வாகி கடைசிவரை முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா மட்டும் மாதம் ஒருமுறை வந்துபோனாள்.