கண்ணாடியில் மூக்குத் தடம்

கண்ணாடி துடைப்பவனுக்கு, ஊர் எதைப் பார்த்து வாய் பிளக்கிறது என்பது முதலில் தெரிந்துவிடும். துணியும் வாளியுமாக நின்ற சகோதரங்களே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எண்பத்தைந்தில், ஜேர்மனியில் நாங்கள் இருந்த சிறு நகரத்துக்கு விண்வெளி ஓடத்தின் மாதிரி ஒன்று ஆறு கிழமைக் கண்காட்சிக்கு வந்தது. பஸ் நீளம் இருக்கும். அகதி விடுதியிலிருந்து என்னையும் அறைத்தோழர் கனகண்ணையையும் துடைக்க அனுப்பினார்கள்.

மூக்குத் தடம்

காலையில் பளபளவென்று துடைத்துவைத்தால், மத்தியானத்துக்குள் ஓடத்தைச் சுற்றிய கண்ணாடி முழுக்க மூக்குத் தடம். சிறுவர்களுடையது என் இடுப்பளவில், பெரியவர்களுடையது என் தலைக்கு மேலே. இரண்டு நாள் வைதுகொண்டே துடைத்தேன். மூன்றாம் நாள் நானும் மூக்கை வைத்தேன். நெருப்பைக் கக்கிக்கொண்டு மேலே போகிறதாம், பிறகு பறவை மாதிரி வந்து இறங்குகிறதாம்! மனிதன் இதையெல்லாம் செய்துவிட்டானே என்று உடம்பு புல்லரித்தது.

பக்கத்தில் ஒரு வயதான பெண்மணி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. வெட்கத்தோடு துணியை எடுத்தேன். ஹெலிகொப்டருக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த என்னிடம் அவர் சொன்னார்: "யுத்த காலத்திலிருந்து மேலே ஏதும் பறந்தால் குனிந்துவிடுவேன். இதற்குத்தான் நிமிர்ந்து நிற்கிறேன்."

சிவந்த ஓடு

அதன்பிறகு எனக்கு ஒரே ஆசை. கண்காட்சியோடு அடுத்த நகரத்துக்கும் போகவேண்டும். விளக்கம் சொல்லும் பெண்ணும் "வா" என்றுவிட்டார். ஆனால் அகதிகள் மாவட்ட எல்லையைத் தாண்ட, அன்ராக் என்ற விண்ணப்பம் கொடுத்து அனுமதி எடுக்கவேண்டும். அதற்கு அதிகாரியைச் சந்திக்க எனக்கு டெர்மின், நேரம் குறித்துத் தந்திருந்தார்கள்.

அதற்கு முதல்நாள் அந்தப் பெண், ஓடத்தின் வெப்பத்தைத் தாங்கும் ஓடு ஒன்றைச் செக்கச்செவேலென்று சுட்டெடுத்து, "யார் பிடிக்கிறீர்கள்?" என்றார். கூட்டம் பின்வாங்கியது. வாளியோடு நின்ற என்னைக் கூப்பிட்டார். மூலைகளைப் பிடித்தேன். உள்ளே தணல், என் விரலில் சூடே இல்லை! கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எல்லோரும் கைதட்ட, கண்ணைப் பொத்திக்கொண்டு நின்ற கனகண்ணை மட்டும் கத்தினார்: "விசரா, நாளைக்கு அன்ராக்கிலை வெந்த கையாலையோ கையெழுத்து வைக்கப்போறாய்?"

அதிகாரியின் ஆசை

அலுவலகத்தில் இருந்தவரைக் கண்டதும் மனம் குளிர்ந்தது. சனிக்கிழமை தவறாமல் வந்து கண்ணாடியில் மூக்கை வைப்பவர்! என் விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்தார். ஓடு பிடித்த கதை அவர் காதிலும் விழுந்திருக்கவேண்டும்; என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "உண்மையாகவே சுடவில்லையா?" என்று மெல்லக் கேட்டார். "இல்லை" என்றேன். பெருமூச்சு விட்டு, நிராகரிப்பு முத்திரையைக் குத்தினார்.

கதவுவரை கூடவே வந்து சொன்னார்: "பள்ளிக்கூடக் காலத்திலிருந்து எனக்கும் விண்வெளிக்குப் போக ஆசை. எனக்கும் ஒருவரும் அனுமதி தரவில்லை."

எல்லைப் பலகை

கடைசி நாள் ஓடத்தை லொறியில் ஏற்றினார்கள். நானும் கனகண்ணையும் சைக்கிளில் பின்னால் போனோம். மாவட்டப் பலகை வந்ததும் பிரேக் பிடித்தோம். லொறி வளைவில் மறைந்ததும் கனகண்ணை சைக்கிளைத் திருப்பினார். பிறகு சொன்னார்: "சரி, திரும்புவம். அது உலகத்தைச் சுத்துறது, அதுக்கு அன்ராக் தேவையில்லை."

ஒன்றரை மணித்தியாலத்தில் பூமியைச் சுற்றுகிற ஓடத்தை ஆறு கிழமை துடைத்துவிட்டு, அதன் பின்னால் நான் போனது ஆறே கிலோமீற்றர்தான்.