இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவில்

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் ஒரு நெல் வயலில் கரண்ட் ஓடுகிற கம்பியைக் கீழே போடச் சொன்னேன். தவறுதலாக இல்லை. வேண்டுமென்றேதான்!

பதறாதீர்கள். வயலைச் சுற்றிக் கயிறு கட்டி, ஆட்களை விலக்கி, லைன் இன்ஸ்பெக்டரைக் காவலுக்கு நிறுத்திய பிறகுதான். நான் விருத்தாசலம் சப்-ஸ்டேஷனில், ரிலேவுக்கு எதிரே நின்றிருந்தேன்.

ரிலே என்றால் என்ன என்று கேட்பீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் ஆபீஸ் கூத்துகளை எழுதிச் சிரிக்க வைத்திருக்கிறேனே தவிர, என் வேலை என்ன என்று ஒழுங்காகச் சொன்னதில்லை. கண்ணாடி மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே மெல்லிய அலுமினியத் தட்டு. கம்பி அறுந்து மண்ணில் விழுந்தால் கரண்ட் மண்ணுக்குள் இறங்கும். அது ஓர் அளவைத் தாண்டினால் தட்டு சுழலும், லைன் தானாக நின்றுவிடும். அந்த அளவை வைக்கிறவன் நான். பதினாறு வருஷமாக அதுதான் உத்தியோகம்.

மூன்று மாதத்துக்கு முன் கரீம் பாய் வந்தார். ஊர் எல்லையில் பீங்கான் ஷெட் வைத்திருப்பவர். கையில் ஒரு சாக்கு. மேஜைமேல் கவிழ்த்தார். அத்தனையும் வெடித்த கப்புகள்.

"சூளைக்குக் காத்து ஊதுற மோட்டாரு நின்னா சூடு எறங்கிடுது சார். மொத்த சரக்கும் போச்சு. மரக்கிளை ஒரசுனாக்கூட ஒங்க பொட்டி லைன நிறுத்திடுது. முப்பது பொம்பளைங்க வேல செய்யுறாங்க. நாளைக்கு வராதீங்கன்னு அவங்ககிட்ட எப்பிடி சார் சொல்றது?"

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஊர் ஊராகப் பம்ப் செட்டுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே போகிறோம். லைன் நீள்கிறது... கிளை வெட்ட ஆள் இல்லை.

அளவை இருபதிலிருந்து நாற்பதாக்கினேன்; சின்னக் கசிவுக்கெல்லாம் இனி லைன் நிற்காது. சின்னப் பித்தளைச் செருகி ஒன்று. அதை ஒரு துளையிலிருந்து பிடுங்கி இன்னொரு துளையில் வைக்க வேண்டும். அரை நிமிஷ வேலை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ரிஜிஸ்டரில் இருப்பது என் கையெழுத்துதான்.

சும்மா சும்மா லைன் போவது நின்றது. கரீம் பாய் ஒரு டீ செட் கொண்டுவந்தார். வாங்கிக்கொள்ளவில்லை. ஆனால் மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்?

அப்புறம் ஒரு கோடை மழை. காற்று. விடிகிற நேரத்தில் கம்பி ஒன்று அறுந்து வரப்பில் விழுந்தது. மூன்று கம்பியில் ஒன்று போனால் பம்ப் செட் ஓடாது. மோட்டார் ஓடாததால் கரண்ட் இல்லை என்று ஊரில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன அஞ்சலையும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வழியில் கிடந்த கம்பியைக் கையால் ஒதுக்கியிருக்கிறாள்.

கம்பியில் கரண்ட் இருந்தது. சப்-ஸ்டேஷனில் தட்டு அசையவே இல்லை.

விசாரணை நடந்தது. காற்று, மழை, யார்மீதும் குறை இல்லை என்று எழுதி ஃபைலை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை. இருபதிலேயே விட்டிருந்தால் லைன் நின்றிருக்குமா? நிற்காமலும் போயிருக்கலாம். எல்லாம் மண்ணைப் பொறுத்தது. அந்த 'போயிருக்கலாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைத் தள்ளினேன்.

அதைச் சோதிக்கத்தான் வியாழக்கிழமை. மண் அன்றைக்குப் போலவே நனைந்திருக்க வேண்டும் என்று, முந்தின நாளே வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லியிருந்தேன். பாய்ச்சியவர் கலியபெருமாள். அஞ்சலையின் புருஷன். அன்றைக்குக் கம்பி விழுந்த அதே வயல், அவருடையதுதான். எதற்கு என்றுகூடக் கேட்காமல் மடையைத் திறந்துவிட்டார்.

முதலில் நாற்பதில் பார்த்தேன். ஒரு நிமிஷம் ஆகியும் தட்டு அசையவில்லை. கையாலேயே லைனை நிறுத்தினேன். செருகியை இருபதுக்கு மாற்றி, மறுபடி கரண்ட் கொடுத்தேன்.

ரிலே வேலை செய்யக்கூடாது என்று வேண்டிக்கொண்ட இன்ஜினீயரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அன்றைக்கு நான் வேண்டிக்கொண்டேன். அசையாதே... அசையாதே...

தட்டு சுழன்றது. நிதானமாக. 'டக்'கென்று ஒரு சத்தம். லைன் நின்றுவிட்டது. ஐந்து எண்ணியிருக்க மாட்டேன்.

மேலதிகாரிக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன்.

"உங்கள யார் டெஸ்ட் பண்ணச் சொன்னது? ரிலேல கோளாறு இல்ல. ஃபைல் மூடியாச்சு."

"அளவ மாத்துனது நான் சார்."

"அதத்தான் எழுதாதீங்கன்னு சொல்றேன்."

எழுதித் தபாலில் சேர்த்தேன். பதில் வராது என்று தெரியும். செருகி இருபதிலேயே இருக்கிறது. கரீம் பாய் மறுபடியும் சாக்கோடு வருவார். வரட்டும்.

அன்றைக்கே சப்-ஸ்டேஷனிலிருந்து ஜீப்பில் வயலுக்குப் போனேன். கலியபெருமாள் மண்வெட்டியோடு வரப்பில் நின்றிருந்தார்.

"என்னங்க ஆச்சு? ஒங்க ஆளுங்க ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குறாங்க."

சொன்னேன். செருகி, துளை, கையெழுத்து... ஒன்றையும் விடவில்லை.

"அப்ப... நீங்க மாத்தாம இருந்திருந்தா, அது புல்ல அறுத்துக்கிட்டு வூட்டுக்கு வந்திருக்கும்?"

"வந்திருப்பாங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஈர வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"காத்து கொண்டுபோச்சின்னு இருந்தேங்க. காத்து மேல யாரு கோவப்பட முடியும்? அப்பிடியே பொழுத ஓட்டிக்கிட்டு இருந்தேன். இனிமே ஒங்க மூஞ்சிய நெனச்சிக்கிட்டுல்ல கெடக்கணும்... இத எதுக்குங்க எங்கிட்ட வந்து சொன்னீங்க?"

கும்பிட்டேன். அவர் திருப்பிக் கும்பிடவில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்கிறார்கள். இறங்குகிறதுதான்... யார் தலையில் என்பதைத்தான் ஒருவரும் சொல்வதில்லை.