முள் மீட்டரை எடுத்த பிறகு

இசைக்குழுவில் என் தம்பியை எல்லோரும் ‘இடி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் டிரம்ஸ் வாசித்தால் முன்வரிசையில் தூங்குகிறவனும் எழுந்து உட்கார்ந்துவிடுவான். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. கூப்பிடுகிறவர்களுக்குத்தான் கொஞ்சம் கூசியது.

குழுத்தலைவர் நல்ல மனிதர். “உன் இடத்துல வேற ஆளைப் போட மனசு வரலை. ஏதாவது வழி பண்ணு” என்றார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுப் பின்னறையில் வந்து உட்கார்ந்தான் தம்பி. பட்டனைத் தட்டினால் டிரம் சத்தம் எழுப்பும் பெட்டி ஒன்றைத் தானே செய்யப்போகிறானாம். கடையில் கிடைக்காதா என்று கேட்டேன்.

“கிடைக்கும். ஆனா அதுல வர்றது எவனோ அடிச்ச அடி, அக்கா. எனக்கு என் அடி வேணும்.”

இடது கையால் சால்டரிங் வைத்தான். பாதி ஈயம் சர்க்யூட் பலகையில், மீதி என் மேசையில். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு சர்க்யூட். சின்னச் சத்தங்கள் ஒருவழியாக வந்துவிட்டன. பெரிய டிரம்தான் உயிரை வாங்கியது. ‘தும்’ என்று எழுந்து, வயிற்றில் இறங்கி, உடனே அடங்க வேண்டும். அதற்குக் கடுகளவு ஒரு திருகு. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகமானால் அட்டைப்பெட்டியைத் தட்டின சத்தம். மறுபக்கம் அதிகமானால் ஓயாத ரீங்காரம். கரண்ட் அளக்கும் பழைய முள் மீட்டரின் ஒயரை அந்த சர்க்யூட்டில் மாட்டிவிட்டு, முள் துள்ளி விழுவதைப் பார்த்துப் பார்த்துத் திருகுவான்.

“வீட்டை இடிக்கிறீங்களா?” என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். “இல்லைங்க, கட்டிக்கிட்டிருக்கோம்” என்றேன். எனக்கும் எரிச்சல்தான். ஆனால் கை விழுந்த பிறகு அவன் முதன்முதலாகச் சிரித்தது அந்த முள் சரியாகத் துள்ளிய அன்றுதான்.

நிகழ்ச்சிக்குக் கிளம்பும் அவசரத்தில் மீட்டரைக் கழற்றி, மூடியை முடுக்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான். நானும் கூடப் போனேன். முதல் பாட்டு. பட்டனைத் தட்டினான். ‘தும்’ எழுந்தது. அடங்கவில்லை. ‘ம்ம்ம்’ என்று அரங்கம் முழுக்க ஓடியது. பாடகி பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கூட்டம் சிரித்தது. தம்பி பிளக்கைப் பிடுங்கினான். அதன்பின் டிரம் இல்லாமலே எல்லாப் பாட்டும் நடந்தன. அவன் மேடையில் சும்மா உட்கார்ந்திருந்தான். ஓடிப்போய் இழுத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இருந்தது எனக்கு.

“மீட்டர்தான்க்கா” என்றான் திரும்பும்போது. “மாட்டியிருந்தப்ப அதுவும் கொஞ்சம் கரண்டைக் குடிச்சிருக்கு. அதுக்குத் தகுந்த மாதிரி திருகிட்டேன். எடுத்ததும் சத்தத்தை அடக்க ஆளில்லை. மீட்டர் இல்லாம ஒரு தடவைகூட தட்டிப் பார்க்கலையே நான்!”

மறுநாள் காலை மீட்டரைத் தொடாமல் திருகினான். கால் சுற்றுகூட இல்லை. தும். அடங்கியது. அப்படியே அவன் அடி. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உடனே தலைவருக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போட்டு, தட்டிக் காட்டினான்.

“அடேயப்பா, நீயே அடிக்கிற மாதிரி இருக்கேடா! இனிமே மக்கர் பண்ணாதில்ல?”

“பண்ணவே பண்ணாதுண்ணே. யார் தட்டினாலும் இப்படித்தான் வரும்.”



“அப்ப பெட்டியை மட்டும் குடுத்தனுப்பு. கீபோர்டுக்காரரே தட்டிக்குவார். இந்த உடம்போட நீ எதுக்கு அலையறே?”

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, இதுதான் போலிருக்கிறது.

“சரிண்ணே” என்றான் தம்பி. பெட்டியைத் துணியில் சுற்ற ஒரு கை போதவில்லை. நான்தான் முடிச்சுப் போட்டேன்.

“அந்தத் திருகைக் கொஞ்சம் கெடுத்து வைடா. அப்பத்தான் உன்னைக் கூப்பிடுவாங்க” என்றேன்.

முடிச்சின்மேல் இடது கையை வைத்தான்.

“அது என் அடி, அக்கா. எப்படிக் கெடுப்பேன்?”