ஒன்பது செக்கனுக்கு ஒரு பிறவி

எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முதலில் ஐயருக்குச் சொல்வார்கள், அடுத்தது பந்தல்காரருக்கு, மூன்றாவதாக எனக்கு. ஆன்மாவை ஐயர் பார்த்துக்கொள்வார். கதிரைகளைப் பந்தல்காரர் பார்த்துக்கொள்வார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற கல்வெட்டு என்ற சின்னப் புத்தகம் என் பொறுப்பு. போனவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், நான் கட்டும் புலம்பல் பாட்டுகள் எல்லாவற்றையும் வீட்டு மேசைக் கணினியில் தட்டி, கிளிநொச்சி ரவுணில் உள்ள அச்சகத்துக்குக் கொடுப்பேன். இதனால் இரணைமடு வாய்க்கால் கரையில் எனக்கு ஒரு மதிப்பு உண்டு. கண்டால் வணக்கம் வைப்பார்கள். "உடம்பு எப்பிடி?" என்று நான் விசாரித்தால் மட்டும் கொஞ்சம் பின்வாங்குவார்கள்.

நவராத்திரிக்கு முந்திய மாதம் மூலை வீட்டு அக்காவின் கணவர் காலமானார். நெல் விதைத்தே வாழ்ந்து முடித்தவர். அக்கா இரண்டு பின்னேரம் என் மேசைக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து அவரைப் பற்றிச் சொன்னார். சொல்லத் தொடங்கமுதல் ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"தம்பி, குறை நினையாதையும். எல்லாற்றை கல்வெட்டும் ஒரே மாதிரித்தான் கிடக்கு. பேரை மாத்தினா ஆருக்கும் பொருந்தும். இவர் இவராய் இருக்கோணும். வேறை ஒண்டும் நான் கேக்கேல்லை."

அந்த எல்லாருடைய கல்வெட்டையும் எழுதியவன் நான்தான். குறை நினைக்கவில்லை என்று தலையை ஆட்டினேன்.

அக்கா கனக்கச் சொன்னார். அதில் ஒன்றுக்கு நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கணவருக்குத் தவளைப் பயமாம். பாம்பைக் கண்டால் தடியால் தூக்கி அங்கால் எறிவாராம். தவளையைக் கண்டால் வரம்பில் அப்படியே நின்று அக்காவைக் கூப்பிடுவாராம். கலியாணம் முடித்த நாள் தொடக்கம் வயலுக்குப் போகும்போது அக்கா முன்னுக்கு நடந்து தவளைகளைக் கலைக்க, அவர் பின்னால் மண்வெட்டியோடு ராசா மாதிரி வருவாராம்.

"சிரியும், சிரியும். ஆனா அதைக் கட்டாயம் போடும்," என்றார் அக்கா. அவரும் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"ஒரு கொப்பியிலையும் குறிச்சு வையுமன் தம்பி."

"அக்கா, இந்தப் பெட்டிக்குள்ளை போனால் கல்லிலை வெட்டின மாதிரி," என்றேன். கணினிப் பெட்டியின் தலையில் இரண்டு தட்டும் தட்டினேன்.

அக்கா போனபிறகு இன்னொரு பின்னேரம் முழுக்க இருந்து எல்லாவற்றுக்கும் மெருகு போட்டேன். அதற்குள் சரஸ்வதி பூசை வந்துவிட்டது. பிள்ளைகளின் புத்தகங்களோடு கணினிப் பெட்டியையும் கழற்றிப் படத்துக்கு முன்னால் வைத்தேன். சோறு போடுகிற பெட்டி அல்லவா, பொட்டில் குறைவைக்கக் கூடாது. கணினிக்கு நெற்றி எது என்று கொஞ்சநேரம் யோசித்து, முன்பக்கம் பொத்தான்கள் இருக்கிற இடம்தான் என்று முடிவுகட்டி, சந்தனத்தை வடை அளவில் அப்பி நடுவில் குங்குமம் வைத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது.

விஜயதசமியன்று வயர்களைப் பூட்டி, கும்பிட்டு, பொத்தானை அமத்தினேன். மின்விசிறி சுற்றியது. திரையில் கம்பனிச் சின்னம் வந்தது. பிறகு எல்லாம் இருண்டது. திரும்பவும் மின்விசிறி, திரும்பவும் சின்னம், திரும்பவும் இருட்டு. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது செக்கன். இத்தனை பேருக்குப் பிறவாப் பெருவாழ்வு வேண்டிப் பாட்டுக் கட்டியவன் நான். என் வீட்டுக்குள் ஒன்று ஒன்பது செக்கனுக்கு ஒருதரம் செத்துப் பிறந்துகொண்டிருந்தது.

மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா அதுக்கு?"

"தெரியேல்லை. எழும்புது, விழுகுது."

"நீங்கள் கட்டின பாட்டை வாசிச்சுப்போட்டு மயங்கி விழுகுதாக்கும்."

ரொறன்ரோவில் இருக்கிற மச்சானுக்கு வீடியோவில் அழைப்பு எடுத்தேன். அவன் அங்கே பாரவண்டி ஓட்டுகிறான். ஆனாலும் கனடாவில் இருப்பதால் கணினி தெரியும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. "ராம் எண்ட தகட்டைக் கழட்டி அழிறப்பராலை தேயடா," என்றான். மகளின் பென்சில் பெட்டியில் அழிறப்பர் எடுத்துத் தேய்த்தேன். ஒன்பது செக்கன். "உள்ளுக்கு ஒரு சின்ன பற்றறி இருக்கும், அதைக் கழட்டிப் பூட்டு." பூட்டினேன். ஒன்பது செக்கன். "கரண்ட் காணாதாக்கும்." பெட்டியைக் குசினிக்குத் தூக்கிப் போய் மிக்சியின் பிளக்கில் குத்தினேன். அங்கும் ஒன்பது செக்கன்தான். அன்றைக்குச் சம்பல் அரைக்க முடியாமல் போனதுதான் கண்ட பலன். பெட்டிக்குள் காய்ந்த பல்லி வால் ஒன்று கிடந்தது. கள்ளனைப் பிடித்துவிட்டேன் என்று அதைத் தூக்கிக் காட்டினேன். வால் போன பிறகும் அதே ஒன்பது.

பழந்துணியால் பெட்டியை உள்ளும் புறமும் துடைத்தேன். முன்பக்கம் கை போகவும் மனைவி அதட்டினாள்.

"பூசைப் பொட்டை அழிச்சுப் போடாதேங்கோ. இருக்கிற கரைச்சல் காணாதே?"

அதுவும் சரிதான் என்று பொட்டைச் சுற்றித் துடைத்தேன்.

இரண்டு நாட்களும் பின்னேரம் பின்னேரம் அக்கா வந்தார். நான் வாசலிலேயே மறித்துக் கதைத்தேன்.

"என்ன தம்பி, முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது அக்கா. பெட்டிதான் பூசைக் களைப்பிலை இருக்கு."

"அவர் உள்ளுக்கைதானே இருக்கிறார்?"

"ஓம் அக்கா. பத்திரமாய் இருக்கிறார்."

அக்கா போனதும் பெட்டிக்கு முன்னால் போய்க் குந்துவேன். ஒவ்வொரு தரமும் சின்னம் வரும்போது இந்தத் தரம் வந்துவிடும் என்று முன்னால் சாய்வேன். இருண்டதும் பின்னால் சாய்வேன். சாய்ந்து சாய்ந்து முதுகோடு நாரியும் பிடித்ததுதான் மிச்சம். போகட்டும், அக்கா சொன்னதை நினைவிலிருந்து எழுதிவிடலாம் என்று மகளின் கொப்பியை விரித்தேன். என் பாட்டுகள் பன்னிரண்டும் ஒரு சொல் பிசகாமல் வந்தன. அக்கா சொன்னதில் தவளையைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டு பின்னேரம் பக்கத்தில் இருந்து சொன்னவர். நான் கேட்டேனா, அடுத்த பாட்டுக்கு எதுகை தேடிக்கொண்டு இருந்தேனா? கொப்பியை மூடினேன். சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். அன்று நாலு மணிக்குள் அச்சகத்துக்குப் போனால்தான் அந்தியேட்டிக்குப் புத்தகம். அக்கா வந்தபோது மறிக்கத் தெம்பில்லை. உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். அக்கா கதிரையில் இருந்து மூன்று நாலு பிறவி பார்த்தார்.

"உது எத்தினை நாளாய்?"

"விசயதசமியிலை இருந்து அக்கா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

குனிந்து பெட்டியை நிறுத்தினேன். அக்கா எழும்பினார்.

"ஓட்டோவைக் கூப்பிடும். ரவுணுக்குப் போவம்."

ஓட்டோவில் பெட்டியைக் காலடியில் வைக்கப் போனேன். அக்கா விடவில்லை. "தாரும் இஞ்சை," என்று வாங்கி மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். வாய்க்கால் வீதியின் கிறவல் மண் பள்ளங்களில் ஓட்டோ துள்ளத் துள்ள அக்கா பெட்டியை இறுக்கிப் பிடித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

கணினி திருத்துகிற கடையை ஒரு பெண் நடத்துகிறார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாசலில் கிடந்த மேசையில் பெட்டியை வைத்து, நான் மச்சானின் மருத்துவக் குறிப்புகளை ஒப்புவித்து முடிக்குமட்டும் பொறுமையாகக் கேட்டார். பிறகு முன்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அண்ணை, இதுக்கு ஆர் பொட்டு வைச்சது?"

"நான்தான்."

"நல்ல தடிப்பாய் வைச்சிருக்கிறியள்."

முன் மூடியைக் கழற்றி, நகத்தால் சுரண்டி, மூக்குக்குக் கிட்டப் பிடித்தார்.

"நல்ல சந்தனம். பெரிய பொத்தானுக்குக் கீழை ஒரு சின்னப் பொத்தான் இருக்குது பாருங்கோ. அதை அமத்தினால் பெட்டி முதலிலை இருந்து தொடங்கும். சந்தனம் உள்ளுக்கை இறங்கிக் காய்ஞ்சு அதை அமத்தி அமத்தி விடுது. மூண்டு நாளாய் ஆரோ திரும்பத் திரும்ப அமத்தின மாதிரி."

அந்த ஆரோ நான்தான் என்று எல்லோருக்கும் விளங்கியது. பல்துலக்கும் தூரிகையில் ஸ்பிரிட் தொட்டு நாலு இழுப்பு இழுத்தார். மூடியைப் பூட்டாமலே பெட்டியைக் கடைத் திரையோடு இணைத்துப் பொத்தானை அமத்தினார். சின்னம் வந்தது. நான் ஒன்பது எண்ணினேன். பத்து. பதினொன்று. நீலத் திரை விரிந்து, என் பிள்ளைகளின் படம் தெரிந்தது.

"எந்த பைல் அண்ணை?"

சொன்னேன். திறந்தது. கடைக்காரி சோதித்துப் பார்க்கிற எண்ணத்தில் உரத்து வாசித்தார்.

"'அஞ்சா நெஞ்சன், ஏர்பிடித்த ஏந்தல், இல்லறத்தை நல்லறமாய் நடத்திய குணக்குன்று…'"

அக்கா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"உது ஆர் தம்பி?"

அக்கா திரைக்குக் கிட்டக் குனிந்து தேடினார்.

"தவளை எங்கை?"

அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. மெருகு போட்ட அன்று தவளையையும் மற்ற எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன். பெரிய மனிதரின் கல்வெட்டில் தவளை வந்தால் மதிப்பில்லை என்று, அதே இடத்தில் 'அஞ்சா நெஞ்சன்' என்று போட்டேன். போட்டுவிட்டு என்னையே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன். மூன்று நாளாக நான் அழிறப்பர் தேய்த்து மீட்கப் பார்த்தது, நானே கட்டிய பன்னிரண்டு பாட்டை.

"நான்தான் எடுத்தனான் அக்கா," என்றேன்.

அக்கா திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருக்கலாம். கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டார்.

"மூண்டு மணியாகுது. இரும். தட்டும்."

கடைக்காரி விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். குணக்குன்றை அழித்தேன். அக்கா தவளைக் கதையை முதலிலிருந்து சொன்னார். நான் அவர் வாயிலிருந்து வந்தபடியே தட்டினேன்.

"முன்னுக்கு நான்தான் போறனான் எண்டு போட்டனீரோ?"

"போட்டிட்டன் அக்கா. அண்டைக்கு வேறை என்ன சொன்னனீங்கள்?"

அக்கா யோசித்தார். வீதியில் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"கனக்கச் சொன்னனான். அண்டைக்கு அது தன்பாட்டிலை வந்தது. இப்ப வருகுதில்லை." என் பக்கம் திரும்பினார். "உமக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையோ?"

"இல்லை அக்கா."

இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். பெட்டி ஒருதரமும் அணையாமல் சீராக இரைந்துகொண்டிருந்தது.

"கீழை கொஞ்சம் இடம் விடும்," என்றார் அக்கா. "வந்தாச் சொல்லுறன்."

அரைப் பக்கம் விட்டேன். நாலு மணிக்கு அச்சகத்தில் கொடுக்கும்வரை ஒன்றும் வரவில்லை. "இதிலை வெறுமையாய்க் கிடக்கு, ஒரு பூப்படம் போடட்டோ?" என்று அங்கே கேட்டார்கள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.