ஒருத்தி இறங்கினால் எல்லாரும்

கள்ளக்குறிச்சி மாவட்டமான புதிதில், குடியரசு நாள் அணிவகுப்பில் என் மகள் முதல் வரிசையில் நடக்கப் போகிறாள் என்றதும் எனக்குத் தூக்கமே போய்விட்டது. அவளோ, "நீ வராதம்மா. உன்னப் பாத்தா சிரிப்பு வந்துடும், காலு தப்பிடும்" என்று சொல்லிவிட்டு, தோழி வீட்டில் தங்க முந்தின நாளே பஸ் ஏறிவிட்டாள். நானாவது வராமல் இருப்பதாவது!

என்னோடு களையெடுக்க வரும் கூட்டாளிகளும் கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் என்ன சுகம் இருக்கிறது? பிள்ளைகளுக்குப் பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டுக்கு ஒன்று நின்றது, எல்லாம் ஒரே நீலம். உடுத்தியிருந்தது, எங்களில் ஒருத்தியின் மகள் கல்யாணத்துக்கு எல்லாரும் சேர்ந்து எடுத்த அரக்குக் கலர் சேலை.

சங்கராபுரம் ரோட்டில் ஏறியபோது கல்வராயன் மலை இன்னும் பனிக்குள்தான் இருந்தது. களையெடுக்கும்போது எவளும் முந்திப் போகக் கூடாது, வரிசை ஒன்றாகவே நகர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அதை ரோட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஒருத்தி இறங்கினால் எல்லாரும் இறங்க வேண்டும். ஒருத்திக்குச் செயின் கழன்றது, இறங்கினோம். ஒருத்திக்கு டீ வேண்டும், இறங்கினோம். ஒருத்திக்குக் கரும்பு லாரியைப் பார்த்தாலே பயம், அதற்கும் இறங்கினோம். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. நடுநடுவே எனக்குக் கோபமும் பொத்துக்கொண்டு வந்தது.

"அங்க எம்பொண்ணு நடந்து முடிச்சுடுவாடி!"

"வூட்லதான் தெனம் பாக்குறியே, இன்னா அவசரம்?" என்றாள் செயின்காரி.

மைதான வாசலில் சரியான கூட்டம். பேண்டு சத்தம் கேட்டது, ஆட்களின் முதுகுதான் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது ஒரு போலீஸ்காரர் எங்களைப் பார்த்துப் பதறிக்கொண்டு ஓடிவந்தார். ஒரே மாதிரி சைக்கிள், ஒரே மாதிரி சேலை, கோடு போட்டது போல வரிசை. பாவம், அவர் மேல் தப்பே இல்லை.

"இன்னாம்மா இவ்ளோ லேட்டா வரீங்க? போங்க, போங்க, ஸ்கூல் பசங்க பின்னாடியே ஓட்டிக்கினு போங்க!"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஏறி மிதித்துவிட்டோம்.

முன்னால் போன பள்ளி அணி மைதானத்தின் கோடியில் திரும்பி எங்களுக்கு எதிரே வந்தது. முதல் வரிசையில் என் மகள்! நிமிர்ந்த தலையோடு, விறைப்பாக வந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். மூக்கு விடைத்தது, உதடு இறுகியது, கால் மட்டும் தப்பவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஹேண்டில்பாரை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டினேன்.

சைக்கிள் சாய்ந்தது. மேடைக்கு நேர் எதிரே காலை ஊன்றி இறங்கிவிட்டேன். பின்னால் வந்த அத்தனை பேரும் சட்டென்று ஒன்றாக இறங்கினார்கள்.

கூட்டம் என்ன நினைத்ததோ, மைதானமே அதிரக் கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் எழுந்து வணக்கம் வைத்தார்கள். நாங்களும் வைத்தோம்.

திரும்பி மகளைப் பார்த்தேன். கடந்து போய்க்கொண்டிருந்தாள். கால் சரியாகத்தான் விழுந்தது, தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடியது.